இடிப்பதா? புதுப்பிப்பதா? பாழடைந்த அரங்குகளுக்கு என்ன வழி?

தூத்துக்குடி மாவட்டத்தில் வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். மீன்பிடியும் உப்பளமும்தான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பிழைப்பு. பகலெல்லாம் கடலிலும் வெயிலிலும் கிடந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே பொழுதுபோக்கு நாடகமும் சினிமாவும்தான். கொட்டகை போட்டால் போதும், சுத்துப்பட்டு ஊரே திரண்டு வந்துவிடும்.

இன்று டி.வி.யும் செல்போனும் வந்த பிறகு கொட்டகைகள் காலி. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ தியேட்டர்களும் நாடக அரங்குகளும் பொது மண்டபங்களும் பூட்டிக் கிடக்கின்றன. கூரை ஓட்டை, சுவரில் ஆலமரம், உள்ளே வவ்வால். 'யார் தலையிலாவது விழுறதுக்குள்ள இடிச்சுத் தள்ளுங்க' என்று ஒரு பக்கம் குரல். 'எங்க தாத்தா காலத்துக் கட்டிடம், சரி பண்ணிக் கொடுங்க' என்று இன்னொரு பக்கம் குரல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதற்கு முன்பு என்னென்ன நடந்தது? முடிவெடுப்பது எப்படி?

தப்பிப் பிழைத்த விக்டோரியா ஹால்

சென்னை சென்ட்ரல் ரெயில் நிலையத்தில் இறங்கியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல் கட்டிடம். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 1883-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1880-களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். மாநகராட்சி நிலத்தை ஒரு கிரவுண்டுக்கு 8 அணா என்ற வாடகையில் 99 ஆண்டு குத்தகைக்கு கொடுத்தார்கள்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கேதான் நாடகம் போட்டது. நாடகம் என்றாலே கேவலமாகப் பார்த்த காலத்தில் வக்கீல்களும் அதிகாரிகளும் வேஷம் கட்டி மேடை ஏறினார்கள். அமெரிக்காவில் இருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897-ல் பேசியதும் இந்த ஹாலில்தான். சென்னை மக்கள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று.

அப்படிப்பட்ட கட்டிடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. குத்தகை முடிந்தும் இடம் கைக்கு வரவில்லை. மாநகராட்சி கோர்ட்டுக்குப் போய்ப் போராடித்தான் மீட்டது. முதலில் தொடங்கிய சீரமைப்பு வேலை பாதியில் நின்றது. பக்கத்திலேயே மெட்ரோ ரெயில் சுரங்க வேலை வேறு. கடைசியில் 2023-ல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாயில் சீரமைப்பு தொடங்கியது. மீட்கவே முடியாது என்று பலர் கைவிட்ட கட்டிடத்துக்கு மறுவாழ்வு வந்தது.

இடித்துக் கட்டிய கலைவாணர் அரங்கம்

சென்னை வாலாஜா சாலையில் இருந்த பாலர் அரங்கத்தின் கதை வேறு. 1950-களில் சட்டசபைக் கூட்டமே நடந்த கட்டிடம் அது. பிறகு என்.எஸ்.கிருஷ்ணன் நினைவாகக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் மாறியது. ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டிய நேரத்தில் பழைய அரங்கம் இடிக்கப்பட்டது. நாடகக்காரர்களுக்கும் நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும் சில ஆண்டுகள் அங்கே மேடையே இல்லை.

அதே வளாகத்தில் பல மாடிகளுடன் புதிய கலைவாணர் அரங்கம் 2016-ல் திறக்கப்பட்டது. கொரோனா காலத்தில் எம்.எல்.ஏ.க்கள் இடைவெளி விட்டு உட்கார கோட்டையில் இடம் போதாமல், 2020 செப்டம்பரில் சட்டசபை இங்கேதான் கூடியது. இடித்தாலும் அதே இடத்தில் அதே பெயரில் கட்டிக் கொடுத்தால் ஊருக்கு நஷ்டம் இல்லை என்பதற்கு இது உதாரணம்.

இடித்தார்கள், ஆனால்...

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. சென்னை தி.நகர் ஹபிபுல்லா சாலையில் நடிகர் சங்கக் கட்டிடம் இருந்தது. உள்ளே இருந்த கலையரங்கத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். இவர் வேறு யாரும் இல்லை, நம்ம தூத்துக்குடி மாவட்டம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று இன்றைக்கும் கொண்டாடப்படுபவர்.

புதிதாகக் கட்டலாம் என்று சொல்லி அந்தப் பழைய கட்டிடத்தை இடித்தார்கள். இடிப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. புதுக்கட்டிடம் எழும்பத்தான் வழியில்லை. ஒப்பந்தம், வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. 2015 நடிகர் சங்கத் தேர்தலில் இந்தக் கட்டிடம்தான் பெரிய பிரச்சனையே! 2017 மார்ச் 31-ந்தேதி அடிக்கல் நாட்டினார்கள். கட்டிடம் முடிந்த பிறகுதான் கல்யாணம் என்று நடிகர் விஷால் சொன்னது ஊரறிந்த கதை. அதன் பிறகும் பணம் போதாமல் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. கையில் நிதி இல்லாமல் கடப்பாரையைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம்.

பேர் மட்டும் மிச்சம்

மதுரை தங்கம் தியேட்டரை மறக்க முடியுமா? 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்டது. 2 ஆயிரத்து 500-க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் மார்தட்டினார்கள். கடைசியில் கூட்டம் குறைந்து, பூட்டி, பல ஆண்டு சும்மா கிடந்து, இடிபட்டு, இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. ஆனால் இது தனியார் சொத்து. சொந்தக்காரர் விற்றால் ஊர்க்காரர்கள் கேட்க முடியாது. பொதுக் கட்டிடம் அப்படி இல்லை. ஊர்ப் பணத்தில் கட்டியது. அதனால் ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

வேறு உபயோகத்துக்கு மாற்றியும் காப்பாற்றலாம். சென்னை அண்ணா சாலையில் 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அந்த இடத்தைத் தபால் துறை வாங்கியது. படம் ஓடிய கட்டிடத்தில் தபால்தலை மையம் வந்தது. நூறு ஆண்டு தாண்டியும் கட்டிடம் நின்றது.

தள்ளிப்போட்டால் ஆபத்து

இடிக்கவும் இல்லை, சரி செய்யவும் இல்லை என்றால்? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1870-களில் கட்டிய மேரி கட்டிடம் இருந்தது. நகராட்சி அலுவலகமும் கல்யாணப் பதிவும் நடந்த கட்டிடம். சீரமைக்கப் போகிறோம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. அதன்பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரைக் காற்றில் இருக்கும் கட்டிடம் காத்திருக்காது என்பதை அது காட்டியது.

உயிர்ப்பலி இன்னும் கொடுமை. 2021 டிசம்பர் 17-ந்தேதி நெல்லையில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்க பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். 'பழசு, பாரம்பரியம்' என்று சொல்லி ஆபத்தான சுவருக்கு அடியில் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது. முடிவு எடுக்கும்வரை வேலி போட்டு அடைப்பதுதான் முதல் வேலை.

உப்புக்காற்று செய்யும் வேலை

கீழவைப்பார், வேம்பார், தருவைகுளம் மாதிரி கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த கம்பி ஊதும். ஊதினால் கான்கிரீட் வெடித்துச் செதில் செதிலாக விழும். வெளியே சின்ன விரிசல்தான் தெரியும், உள்ளே கம்பி பாதி கரைந்திருக்கும். அப்படிப்பட்ட கான்கிரீட் கூரையை மேலே பூசி மறைப்பது ஏமாற்று வேலை.

ஆனால் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய சுவரில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. அதனால்தான் நூறு வயது தாண்டியும் பல சுவர்கள் நிற்கின்றன. அவற்றுக்குக் கூரையைச் சரி செய்து, வேர் விட்ட செடிகளைப் பிடுங்கி, மறுபடியும் சுண்ணாம்புக் கலவையாலேயே பூச வேண்டும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் பொரிந்துவிடும். 'சிமெண்டு போட்டா ஸ்ட்ராங்' என்று நினைப்பது இங்கே தப்புக்கணக்கு.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* என்ஜினீயர் சோதனை நடந்ததா? கண்ணால் பார்த்து மட்டும் சொல்லக்கூடாது. சுத்தியல் சோதனை, கான்கிரீட் மாதிரி எடுத்துப் பார்ப்பது, கம்பியின் நிலையைப் பார்ப்பது எல்லாம் வேண்டும்.

* கெட்டது எது? கூரை மட்டுமா, சுவருமா, அஸ்திவாரமுமா? கூரை மட்டும் என்றால் புதுக்கூரை போடலாம். அஸ்திவாரமே போயிருந்தால் இடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

* சீரமைக்க எவ்வளவு, இடித்துக் கட்ட எவ்வளவு? இரண்டு மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடிபாடு அள்ளும் செலவையும் சேர்க்க வேண்டும்.

* புதுசு கட்டப் பணம் ஒதுக்கியாச்சா? அரசாணையும் நிதியும் கையில் வரும் முன்பு இடிக்க விடக்கூடாது.

* பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? கரண்ட் பில், காவலாளி, வெள்ளை அடிக்கும் செலவு இதற்கெல்லாம் வருமானம் எங்கே? கல்யாணம், காதுகுத்து, கூட்டம், படிப்பகம் என்று வாரம் முழுக்க உபயோகம் இருந்தால்தான் கட்டிடம் உயிரோடு இருக்கும்.

ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

ஊராட்சிக் கட்டிடம் என்றால் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. தீர்மானமாக எழுத்தில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

என்ஜினீயர் அறிக்கை, மதிப்பீடு எதுவும் காட்டவில்லை என்றால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பணத்துக்கு எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் மனது வைத்தால் அந்தப் பங்கைச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. கட்டிடம் ரொம்பப் பழமையானது என்றால் 2012-ல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தையும் காட்டிப் பேசலாம்.

விக்டோரியா ஹாலுக்குக் கோர்ட்டு வரை போக ஒரு மாநகராட்சி இருந்தது, கோடிக்கணக்கில் பணமும் வந்தது. சின்ன ஊர் அரங்குக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அங்கே நாடகம் பார்த்தவர்கள், கல்யாணம் செய்தவர்கள், பரிசு வாங்கிய பிள்ளைகள்தான் வர வேண்டும். இடிப்பதாக இருந்தாலும் சரி, புதுப்பிப்பதாக இருந்தாலும் சரி, அந்த முடிவு அவர்களுக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. இடித்துவிட்டு வெறும் மணல்மேடாக விட்டால், அடுத்த தலைமுறைக்கு உட்கார்ந்து கைதட்ட இடம் ஏது?