ஒன்ஸ் மோர்

பிடித்த பாட்டு முடிந்ததும் அதை அங்கேயே மறுபடி பாடவோ போடவோ வைக்கும் தமிழ் ரசிகர்களின் வழக்கம். நாடக மேடையில் வேர்விட்டு, திரையரங்கு வரை வந்தது. ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் ஆட்டங்களில் இசைத்தட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி தொடங்கும் ‘ரீவைண்ட்’ இதற்கு நெருங்கிய உறவு.

நாடக மேடை

தூத்துக்குடிச் சீமைக்கு இந்த வழக்கத்தில் பெரும் பங்குண்டு. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் எழுதிய பாட்டுகளும் வசனங்களுமே ஸ்பெஷல் நாடகத்தின் அடித்தளம்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர். தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டவர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். ஆட்டம் விடிய விடிய நடக்கும். நடுவே ஒரு பாட்டை நிறுத்தித் திரும்பப் பாடினால் எதுவும் குலைந்துவிடாது. கொட்டகையில் குரல் எழுந்ததும் ஆர்மோனியக்காரர் பல்லவியை மறுபடி பிடிப்பார். பாடுபவர் புதுச் சங்கதி சேர்த்து ஏறுவார். உற்சாகம் மிகுந்த ஒருவர் மேடையேறி, நடிகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு இறங்குவார்.

இந்த ரசிகக் கூட்டத்தின் உச்ச நாயகன் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கியை நம்பாமல் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது. அவரும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. 1933இல், 27 வயதில், கிட்டப்பா மறைந்தார்.

இசைத்தட்டும் ஜமைக்காவும்

78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். மறுபடி கேட்க முள்ளைத் தூக்கி விளிம்பில் வைத்தால் போதும். சாத்தான்குளம் வட்டாரத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை நிரப்பிய மைக் செட்காரருக்கு இது கைவந்த வேலை.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1950களில் டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றோரின் ‘சவுண்ட் சிஸ்டம்’ எனும் ஒலிபெருக்கி அணிகள் தெருவிலேயே போட்டி போட்டன. பிறகு யூ-ராய் போன்றவர்கள் ஓடும் பாட்டின்மேல் தாளத்தோடு பேசத் தொடங்கினர். 1970இல் யூ-ராயின் இசைத்தட்டுகள் ஜமைக்கா முழுதும் பரவின. கூட்டம் ஆர்ப்பரித்தால், இசைத்தட்டு போடும் ‘செலக்டர்’ தட்டை நிறுத்தி, இழுத்து, முதலிலிருந்து விடுவார். இரண்டு அணிகள் மோதும் இரவில் இதுவே வெற்றியின் அடையாளம். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் வழியே லண்டன் சென்ற இவ்வழக்கம், 1990களின் ஜங்கிள் இசையரங்குகளில் நிலைபெற்றது. தமிழ் மேடையில் மறுமுறை புதுச் சங்கதி பிறக்கும். ஜமைக்காவில் அதே தட்டுத்தான், ஆனால் மேலே வரும் பேச்சு மாறும்.

திரையரங்கு

ஃபிலிம் சுருள் காலத்தில் விசிலுக்கு இணங்குவது ஆபரேட்டருக்குப் பெரும் பாடு: படத்தை நிறுத்தி, சுருளைக் கழற்றிச் சுற்றி, மறுபடி மாட்ட வேண்டும். டிஜிட்டல் திரையிடலில் அது சில நொடி வேலை. 2004இல் வெளிவந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுவெளியீடு கண்டபோது, ‘அப்படிப் போடு’ பாட்டுக்கு ரசிகர்கள் திரைக்கு முன்னே ஆடி ஒன்ஸ் மோர் கேட்டனர். அரங்குகளும் திரும்பப் போட்டன.