நிலவொளியில் டிரெஸ்டன்

ஜெர்மனியின் பழைய நகரமாகிய டிரெஸ்டனை 1839-ஆம் ஆண்டில் யோஹான் கிறிஸ்தியன் டால் என்னும் ஓவியர் நிலவொளியில் தீட்டினார். எல்பே ஆற்றின் மீது முழுநிலவு காய்கின்றது. கற்பாலத்தின் வளைவுகளுக்கு அப்பால், அன்னை மரியாளின் ஆலயக் குவிமாடம் கருநிழலாய் எழுந்து நிற்கின்றது.

இத்துணைப் பரிவோடு இந்நகரைத் தீட்டியவர் இங்குப் பிறந்தவரல்லர். நார்வே நாட்டுப் பெர்கன் துறைமுகத்தில், 1788-இல் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்த டால், 1818-இல் டிரெஸ்டனுக்கு வந்து, 1857-இல் மறையும் வரை இதையே தம் இல்லமாகக் கொண்டார். ஆயினும் தாய்நாட்டை அவர் மறந்தாரில்லை. அங்கு இடிக்கப்பட்டு வந்த தொன்மையான மரக்கோயில்களைப் பற்றி 1837-இல் நூல் வெளியிட்டார். பழஞ்சின்னங்களைக் காக்கும் சங்கம் 1844-இல் தோன்றவும் முன்னின்றார்.

1945 பிப்ரவரியில் குண்டுமாரி பொழிந்து டிரெஸ்டன் எரிந்தது, அக்குவிமாடமும் சரிந்தது. இடிபாடுகளிற் கிடைத்த பழங்கற்களையும் சேர்த்து எழுப்பிய ஆலயம் 2005-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. நகரம் அழிந்து கிடந்த காலத்திலும் அதன் பழைய முகத்தை இவ்வோவியம் காத்து நின்றது.

பிறந்த ஊரை நினைந்துகொண்டே, வாழவந்த ஊரையும் தமதாக்கிக்கொண்டார் டால். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவர் வாழ்வு அயலானதன்று.