பகலுக்கு வந்த இரவுடை: யூலின் கோவா ஊகம் பற்றிய ஒரு மறுபரிசீலனை

யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, பைஜாமா என்னும் தலைப்பின்கீழ், ஒன்றோடொன்று எளிதில் இணங்காத இரண்டு அபிப்பிராயங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. 1903-இல் அந்நூலைத் திருத்திப் பதிப்பித்த வில்லியம் குரூக்கும் அவற்றை அப்படியே விட்டுச் சென்றார். இடுப்பில் நாடாவால் கட்டும் அத்தளர்ந்த காலுடையை ஐரோப்பியர் முஸ்லிம்களிடமிருந்து பெற்று, ஓய்வு வேளைக்கும் நித்திரைக்கும் உரியதாக்கிக்கொண்டனர் என்பது முதலாவது. ஆங்கிலேயர் இவ்வழக்கத்தைப் பெரும்பாலும் போர்த்துகீசியரிடமிருந்தே கற்றிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. உடை ஒருவரிடமிருந்தும், அதை உடுத்து உறங்கும் வழக்கம் மற்றொருவரிடமிருந்தும் வந்தன என்று இதற்குச் சமாதானம் கூறலாம். தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்து அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த பர்னெல் 1882-லேயே காலமாகிவிட்டமையால், இந்த ஊகத்தை யூலுடையதாகவே கொண்டு ஆராய்கிறேன். இது அற்ப விஷயமன்று. படுக்கைக்கென்றே பிறந்த ஓர் உடை பிற்காலத்தில் ஒழுக்கம் தளர்ந்தமையால் வீதிக்கு வந்தது என்று இன்று நம் நகரங்களில் பலரும் நம்புகின்ற நம்பிக்கைக்கு, இத்தகைய ஊகங்களே சரித்திரத்தின் ஆதரவைத் தேடித் தருகின்றன.

யூல் காட்டும் ஆதாரம் ஒன்றே ஒன்று. 1602-இல் மாலத்தீவுக் கடலில் கப்பலுடைந்து, அங்கே ஐந்தாண்டுகள் சிறைப்பட்டிருந்து, பின்னர் 1608-இல் கோவாவை நோயாளியாக வந்தடைந்த பிரெஞ்சு யாத்திரிகர் பிரான்சுவா பிரார், அந்நகரத்து அரச மருத்துவமனையை மிகுந்த நன்றியுணர்வோடு வர்ணிக்குமிடத்தில், அங்கே கால்சட்டைகள் ஏராளமாக இருந்தன என்றும், இந்தியாவில் வாழும் போர்த்துகீசியர் அவையின்றி ஒருநாளும் படுப்பதில்லை என்றும் சொல்லிச் செல்கிறார். இந்த வாசகத்தை அதன் இடத்தில் வைத்துப் படித்தல் வேண்டும். கட்டில், விரிப்பு, பாத்திரம், வைத்தியம் என்று மருத்துவமனையின் செல்வத்தை ஒவ்வொன்றாகப் பாராட்டி வருகிற ஒருவர், துணிகளின் மிகுதிக்குக் காரணம் கூறும் பொருட்டு இடையிலே செருகிய குறிப்பு அது. போர்த்துகீசியர் கால்சட்டையோடு உறங்கினர் என்பதை அது நிரூபிக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த உடையிலேயே அவர்கள் திண்ணைக்கு வந்தனர் என்றோ, விருந்தினரை எதிர்கொண்டனர் என்றோ, அதைக் கண்ட ஆங்கிலேயர் பின்பற்றினர் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. மேலும், 1583 முதல் சுமார் ஐந்தாண்டுகள் கோவாவில் தங்கியிருந்த டச்சு யாத்திரிகர் லின்ஸ்கோட்டன், அந்நகரப் பெண்கள் வீட்டினுள்ளே உடல் தெரியும்படியான மெல்லிய மேற்சட்டையும் வண்ணத்துணியும் அணிந்திருந்ததையும், வெளியே செல்லும்போது விலையுயர்ந்த ஆடைகளோடு மூடுபல்லக்கில் சென்றதையும் தனித்தனியே விவரிக்கிறார். அது பெண்களைப் பற்றியதே, ஆடவரைப் பற்றியதன்று என்று ஆட்சேபிக்கலாம். ஆயினும் வீட்டுடைக்கும் வீதியுடைக்கும் நடுவே இத்துணைக் கண்டிப்பான சுவரை எழுப்பியிருந்த ஒரு நகரத்தை, அச்சுவர் இடிந்த இடமாகக் கொள்வது எங்ஙனம்?

யூலின் கட்சிக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். 1639-இல் சென்னையில் காலூன்றிய ஆங்கிலேயருக்குச் சாந்தோம் போர்த்துகீசியர் சில மைல் தூரத்து அண்டைவீட்டார். பம்பாயோ போர்த்துகீசிய இளவரசியின் சீதனமாகவே அவர்கள் கைக்கு வந்தது. ஆகவே வழக்கம் கைமாறுவதற்கு வாயில்கள் இருந்தன. ஆனால் வாயில் இருந்தது என்பதனாலேயே அதன் வழியாக ஒருவர் நுழைந்தார் என்று ஆகாது. முகலாய அதிகாரிகளோடு நாள்தோறும் பழகிய சூரத்து ஆங்கிலேய வணிகர், பகலில் கண்ணெதிரே நடமாடிய உடையை விட்டுவிட்டு, கோவா மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த உடையைத் தேடிப்போக வேண்டிய அவசியம் யாது?

யூலின் ஊகத்துக்கு எதிரான சாட்சியம் அந்த அகராதியில் அதே தலைப்பின் அடியிலேயே இருப்பதுதான் வியப்பு. 1828-ஆம் ஆண்டின் கீழை நாட்டு வேட்டைப் பத்திரிகை ஒன்றிலிருந்து அங்கே எடுத்தாளப்படும் வரியில், தளர்ந்த பைஜாமாவும் நாட்டுச் செருப்பும் அணிந்து சுருட்டுப் புகைப்பதையே பேரானந்தமாகக் கொண்ட ஒருவர் வருகிறார். சுருட்டுப் புகைப்பவர் உறங்குபவரல்லர். செருப்பணிந்தவர் படுக்கையிலும் இல்லை. இந்நாட்டாருக்குப் பகலுடையாக இருந்தது முதலில் ஐரோப்பியரின் ஓய்வுடையாயிற்று என்றும், லண்டன் தையற்கடைகளை அடைந்த பின்பே முற்றிலும் இரவுக்குரியதாகச் சுருங்கிற்று என்றும் நான் அனுமானிக்கிறேன். அச்சுருக்கம் நேர்ந்த காலத்தை வரையறுக்கப் போதிய ஆதாரம் இல்லை. 1870-களை ஒட்டி என்று கொள்வது என் துணிபேயன்றி முடிவன்று.

சென்னையின் நைட்டி இந்தப் பைஜாமாவின் வழித்தோன்றல் அன்று. அது ஐரோப்பியப் பெண்களின் இரவங்கி மரபைச் சேர்ந்தது. எனினும் இரவுடை வீதிக்கு வருவது எவ்வாறு என்னும் கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளியில் 2018-இல் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டி அணிந்து வெளியே வருவோருக்கு 2000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2014-இல், நவி மும்பையின் கோட்டிவலியில் 500 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. தடை எழுந்த இடத்தில் வழக்கம் வேரூன்றியிருந்தது என்பது கல்வெட்டுகளைப் படிப்போர் அனைவரும் அறிந்த நியதி. ஆனால் எல்லையைக் கடிகாரத்தால் வகுத்த தோகலபள்ளியார், பெண்கள் தாமே வகுத்துக்கொண்ட எல்லையைக் காணத் தவறினர். ஆவின் பாலுக்கோ, தண்ணீர் லாரிக்கோ, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றவோ வாசற்படி தாண்டும் சென்னைப் பெண், நைட்டியின்மேல் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ மார்பை மறைக்கப் போட்டுக்கொண்டே இறங்குகிறாள். அத்துண்டு விழுந்த அக்கணமே இரவுடை வீதியுடையாகிவிடுகிறது. இதில் ஒழுக்கத் தளர்ச்சியைக் காண்பவர்கள் துண்டைப் பாராதவர்கள் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இந்தத் துண்டு வழக்கம் எப்போது தொடங்கிற்று என்பதே இனி ஆராய வேண்டியது. 1980-களுக்கு முன்னோ பின்னோ என்று நிச்சயிப்பதற்குக் குடும்பப் புகைப்படங்கள் துணை செய்வதில்லை. படம் எடுக்கிறார்கள் என்றால் பெண்கள் உள்ளே போய்ப் புடவை உடுத்தி வந்துவிடுவார்கள்.