நாடி அடங்கியும் நடந்தவர்கள்

பார்னி கிளார்க் என்ற நோயாளி ஜார்விக்-7 என்னும் செயற்கை இதயத்தோடு 112 நாள் வாழ்ந்தார். அந்தக் கருவி அசல் இதயம்போலவே அடித்தது. அன்றைய இதயப் பம்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான். கமலையில் நீர் இறைப்பதுபோல நிரம்பும், கொட்டும், மறுபடி நிரம்பும். அதற்கு உடலுக்குள் நிறைய இடம் வேண்டும். அடித்து அடித்தே சவ்வும் வால்வும் தேய்ந்துபோகும்.

1976-ல் ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர் மருத்துவ சேவைக்காக எகிப்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தார். அங்கே ஆட்கள் ஆர்க்கிமிடீஸ் திருகால் தண்ணீரைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். சாய்த்துவைத்த குழாய், உள்ளே சுருள் சுருளாக மரை. சுற்றச் சுற்றத் தண்ணீர் மரையோடு ஏறி மேலே வந்து விழும். வால்வும் இல்லை, நிரம்பக் காத்திருப்பதும் இல்லை. 2,000 வருஷத்துக்கு மேல் பழைய சாதனம். ரத்தத்தையும் இப்படித் தள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது.

அப்படிப் பிறந்ததுதான் ஹீமோபம்ப். பென்சில் தடிமன்தான். அதன் குழாய் முனை இதயத்தின் இடது கீழறைக்குள் போய்ச் சேரும்படி தொடைத் தமனி வழியாகவே செலுத்திவிடலாம். ஆனால் உள்ளே இருக்கும் திருகுச் சுழலிக்கு நிமிடத்துக்குச் சுமார் 25,000 சுற்று! சிவப்பணுக்கள் மிக்ஸியில் போட்டதுபோல அரைபட்டுவிடாதா என்று பலரும் பதறினார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஒரு சிவப்பணு அந்தச் சுழலியைத் தாண்ட, கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. சிதைவதற்குள் வெளியே வந்துவிடும். 1988 ஏப்ரலில் ஹூஸ்டனில் டாக்டர் பட் ஃப்ரேசியர் அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். மாற்று இதயத்தை உடல் ஏற்காமல் உயிருக்குப் போராடியவர். பம்ப் சில நாள் சுமையைத் தாங்கிக்கொள்ள, இதயம் தேறிவிட்டது.

அது தற்காலிகத் துணை. வருஷக்கணக்கில் உள்ளேயே இருக்க, அதே வழியில் வந்தது ஹார்ட்மேட் 2. எடை 300 கிராமுக்கும் குறைவு. அசையும் பாகம் சுழலி ஒன்றுதான். கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல, அதன் இரு முனைகளையும் செயற்கை மாணிக்கக் கற்கள் தாங்குகின்றன. அங்கே எண்ணெய் கிடையாது. நோயாளியின் ரத்தமேதான் மசகு. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. துடிக்கும் பழைய பம்போடு இதை ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் வந்தது. இரண்டு ஆண்டு உயிர்வாழும் விகிதம் பழையதில் 24 சதவீதம், இதில் 58.

தொல்லையும் உண்டு. வயிற்றுத் தோலைத் துளைத்து வரும் வயர் வழியாகக் கிருமி தொற்றலாம். போகிற இடமெல்லாம் பேட்டரியும் கூடவே வரவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. குடலில் ரத்தம் கசியுமோ என்ற கவலை வேறு.

நம்மூரில் உயிர் போய்விட்டது என்பதை ‘நாடி அடங்கிவிட்டது’ என்றுதான் சொல்வோம். இந்தப் பம்ப் அடிக்காமல் இடைவிடாது ரத்தத்தைத் தள்ளுவதால், இதை வைத்தவர்களில் பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. வழக்கமான கருவியில் பி.பி. சரியாகக் காட்டாது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால், லப்-டப்பை மீறி வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்கும். படியேறி வந்தவர் எதிரே உட்கார்ந்து டாக்டரோடு பேசிக்கொண்டிருப்பார்.