பெயர் அச்சிடப்படாத பதிப்பாசிரியர்: தெரேசே ஹூபர் (1764–1829)

1827 சனவரியில் வில்ஹெல்ம் ஹவுஃப் என்ற இளம் நாவலாசிரியர், ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து வெளிவந்த 'மோர்கன்பிளாட்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு நவம்பரில், இருபத்தைந்து வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், இறந்துபோனார். ஓராண்டுகூட நிறையாத அந்தப் பணி அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும். அவருக்கு முன் அதே இதழை ஏறத்தாழ ஏழாண்டுகள் நடத்திய ஒருவர் உண்டு. நாவல்களும் கதைகளும் பயணக் குறிப்புகளும் எழுதி, அக்காலத்து இதழ் வாசகர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டவர். ஆயினும் இதழை நடத்துபவர் அவரே என்பது அதன் வாசகர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. அவர் தெரேசே ஹூபர்.

இந்தியாவில் அவரை அறிந்தோர் மிகச் சிலர். ஆனால் அவருடைய முதல் கணவரை நம் இலக்கிய மாணவர்கள் பலரும் அறிவர். காளிதாசனின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் பெயர்க்க, அந்த நூல் 1789இல் கல்கத்தாவில் வெளியாயிற்று; அதிலிருந்து 1791இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றவர் கியோர்க் ஃபோர்ஸ்டர். கெதேயும் ஹெர்டரும் சாகுந்தலத்தைக் கொண்டாடியது அந்த மொழிபெயர்ப்பு வழியாகத்தான். ஒப்பிலக்கிய வகுப்புகளில் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த மொழிபெயர்ப்பு உருவான மைன்ஸ் நகரத்து வீட்டில், இன்னும் ஒரு வரிகூட அச்சில் காணாத மற்றோர் எழுத்தாளரும் இருந்தார் என்பது நம் பாடத்திட்டத்துக்குள் வருவதில்லை.

தெரேசே 1764 மே 7 அன்று கோட்டிங்கன் நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தியான் கோட்லோப் ஹைன, செவ்வியல் மொழியியலில் ஐரோப்பா அறிந்த பேராசிரியர். பல்கலைக்கழக நூலகத்தின் தலைவர். (கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனேவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பேராசிரியரின் மகள் நூலகத்தின் நிழலில் வளரலாம், வகுப்பறைக்குள் நுழைய முடியாது. அந்தத் தலைமுறையில் கோட்டிங்கன் பேராசிரியர்களின் புதல்வியர் சிலர் எழுத்திலும் அறிவுத் துறைகளிலும் பேர்பெற்றனர். பிற்காலத்தில் ஷ்லேகல், ஷெல்லிங் ஆகியோரின் துணைவியாக அறியப்பட்ட கரோலினே மிகாயேலிஸ் அவர்களுள் ஒருவர். 1787இல் முனைவர் பட்டம் பெற்ற டோரோத்தேயா ஷ்லோட்சர் மற்றொருவர். மணமாகாத பெண் என்பதால் தம் பட்டமளிப்பு அரங்கில் இடமில்லாமல், பக்கத்து நூலகத்தின் உடைந்த சன்னல் வழியே அவர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். தெரேசேவின் கல்வி இவ்வளவுகூட முறைப்பட்டதன்று. பதினொரு வயதில் தாயை இழந்தவர், கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வளர்ந்தார்.

1785இல் ஃபோர்ஸ்டரை மணந்தார். கேப்டன் குக்கின் இரண்டாம் உலகப் பயணத்தில் உடன்சென்று, அப்பயணத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றிருந்த இளைஞர் அவர். முதலில் வில்னியூஸ், 1788இல் மைன்ஸ். அங்கே பல்கலைக்கழக நூலகராக இருந்த ஃபோர்ஸ்டரின் வீட்டுக்கு வந்துபோனவர்களில் சாக்சனி அரசின் தூதரக அலுவலரும் ஷில்லரின் நண்பருமான லுட்விக் ஃபெர்டினான்ட் ஹூபர் ஒருவர். தெரேசேவுக்கும் அவருக்கும் நெருக்கம் வளர்ந்தது. 1792 அக்டோபரில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் மைன்ஸைக் கைப்பற்றின. ஃபோர்ஸ்டர் புரட்சியின் பக்கம் நின்றார். அந்த டிசம்பரில் தெரேசே குழந்தைகளோடு ஸ்ட்ராஸ்பூர்குக்கும், பின்னர் நியூசாட்டலுக்கும் சென்றார். ஹூபர் அரசுப் பணியைத் துறந்து அங்கே வந்து சேர்ந்தார். 1793 நவம்பரில் எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஃபோர்ஸ்டர் தம் குடும்பத்தைக் கடைசியாகச் சந்தித்தார். 1794 சனவரி 10 அன்று பாரிசில் தனியே இறந்தார். சில மாதங்களில் தெரேசே ஹூபரை மணந்துகொண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு தெரேசேவைப் பற்றிப் பேசியபோதெல்லாம் இந்த ஒரு பத்தியோடு நின்றுகொண்டது. கணவரைக் கைவிட்டவரா, கைவிடப்பட்டவரா என்ற வழக்கை ஃபோர்ஸ்டரின் அன்பர்கள் நெடுங்காலம் நடத்தினர். அந்த வழக்கு எனக்குச் சுவையாகத் தோன்றவில்லை. நியூசாட்டலில் அடுத்து நடந்ததுதான் இலக்கிய வரலாற்றுக்கு உரியது.

அகதிக் குடும்பம், வேலையில்லாத கணவர், குழந்தைகள். பிழைக்க ஒரே வழி எழுத்து. ஹூபர் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தார். தெரேசே அதில் கைகொடுத்தார். விரைவில் சொந்தமாகக் கதை எழுதத் தொடங்கினார். அச்சில் வந்த பெயரோ எல். எஃப். ஹூபர். அவ்வாறு 1793–94இல் ஒரு பெண்கள் இதழில் வெளியான கதை, புரட்சியில் மனமுடைந்த ஒருவன் ஆஸ்திரேலியாவுக்குப் போவதைக் கடிதங்கள் வாயிலாகச் சொல்வது. ஆங்கிலேயர் அங்கே கைதிக் குடியேற்றம் அமைத்து ஆறாண்டுகள்கூட முழுமையாகக் கழிந்திராத காலம். ஆஸ்திரேலியாவைக் களமாகக் கொண்ட தொடக்ககாலப் புனைகதைகளுள் அது முன்னிற்கிறது. எழுதியவர் அந்தக் கண்டத்தைக் கண்டதில்லை. ஆனால் ஃபோர்ஸ்டர் அந்தக் குடியேற்றத்தைப் பற்றி 1786இலேயே கட்டுரை எழுதியவர். முதல் கணவரின் அறிவிலிருந்து பிறந்த பொருள், இரண்டாம் கணவரின் பெயரில் வெளியானது; எழுதிய கை தெரேசேவுடையது.

அடுத்து வந்த 'செல்டார்ஃப் குடும்பம்' (1795–96) அவருடைய ஆகச் சிறந்த படைப்பு என்பது என் கருத்து. பிரெஞ்சுப் புரட்சியை அதன் சமகாலத்திலேயே நாவலாக்கிய துணிவு ஒருபுறம் இருக்கட்டும். கதைத்தலைவி சாரா ஒரு பிரபுவால் ஏமாற்றப்படுகிறாள். 1792 ஆகஸ்டில் பாரிசில் அரண்மனை தாக்கப்பட்ட நாளின் கலவரத்தில் குழந்தையை இழக்கிறாள். ஆணுடை தரித்துப் புரட்சிப் படையில் சேர்ந்து போரிடுகிறாள். இறுதியில், தன்னை நெடுங்காலம் நேசித்தவனையும் அவள் மணக்கவில்லை. அக்காலத்து ஜெர்மன் குடும்ப நாவலில் தவறிய பெண்ணுக்கு இரண்டு முடிவுகள்தாம் வழக்கம்: சாவு, அல்லது மனந்திருந்திய திருமணம். சாராவுக்கு இரண்டுமில்லை. இத்தகைய கதையை 1795இல் ஒரு பெண்ணின் பெயரில், அதுவும் ஃபோர்ஸ்டர் என்ற 'தேசத் துரோகி'யின் கைம்பெண்ணாக இருந்தவரின் பெயரில் வெளியிட்டிருந்தால், விமர்சனம் நூலை விட்டுவிட்டு ஆளைத்தான் பிடித்திருக்கும். கணவரின் பெயர் இங்கே விலங்கு மட்டுமன்று, கவசமும்கூட. பெயர் மறைப்பு என்றாலே ஒடுக்குமுறை என்று எழுதிப் பழகிய நம் ஆய்வேடுகள் இந்த இரண்டாம் பக்கத்தைப் பெரும்பாலும் காண்பதில்லை.

கவசத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1798இல் ஹூபருக்குப் பதிப்பாளர் கோட்டாவின் 'அல்கமைன ட்சைட்டுங்' நாளிதழில் ஆசிரியர் பணி கிடைத்து, குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பியது. 1804 டிசம்பர் 24 அன்று ஹூபர் காலமானார். தெரேசேவுக்கு வயது நாற்பது. இரு மணங்களிலும் பிறந்த பத்துப் பிள்ளைகளில் நால்வரே உயிரோடிருந்தனர். அடுத்த பத்தாண்டுகளைப் பெரும்பாலும் பவேரியாவில் வன அலுவலராக இருந்த மருமகன் வீட்டில் கழித்தார், எழுதியபடியே கழித்தார். 1811இல் வெளியான ஹாலந்துப் பயண நூலில் ஒருவாறு அவர் பெயர் தலைகாட்டியது: 'தெரேசே எச்.' என்ற அளவில். முழுப் பெயர் வெளிப்பட்ட விதம் இன்னும் விந்தையானது. 1819இல் கோட்டா வெளியிட்ட கதைத் தொகுதியின் தலைப்புப் பக்கம், இவை ஹூபரின் கதைகள் என்றும், அவற்றைத் 'தொடர்ந்து எழுதியவர்' தெரேசே ஹூபர் என்றும் கூறுகிறது. ஹூபரின் பெயரில் வந்த முந்தைய கதைகளைப் பெரிதும் எழுதியவரும் தெரேசேதான். தாம் எழுதியதைத் தாமே தொடர்ந்தவராகத்தான் அவர் அச்சுலகுக்குள் முழுப் பெயரோடு நுழைய முடிந்தது.

அதற்குள் அவர் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து 'மோர்கன்பிளாட்' பணியில் இருந்தார். 1807இல் கோட்டா தொடங்கிய இதழ் அது; ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் வரும். கவிதை, தொடர்கதை, பயணக் கட்டுரை, நகரங்களிலிருந்து நிருபர் கடிதங்கள் என ஜெர்மன் மொழி பேசும் கற்றோர் வீடுகளில் அதற்கு ஈடான இதழ் அரிது. 1816 முடிவிலிருந்து அதன் அன்றாடச் சுமை தெரேசே மீது விழுந்தது. வாரத்துக்கு ஆறு இதழ்கள். வந்து குவியும் கையெழுத்துப் படிகளைப் படிக்க வேண்டும், திருத்த வேண்டும், மறுக்க வேண்டும், மறுத்ததற்கு மரியாதையாகக் கடிதம் எழுத வேண்டும், இடம் காலியாக இருந்தால் பிறமொழியிலிருந்து எதையாவது பெயர்த்து நிரப்ப வேண்டும். 1819இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தபின் இதழ்கள் அனைத்தும் அச்சுக்கு முன் தணிக்கைக்கு உட்பட்டன. எது தப்பும், எது தப்பாது என்று ஒவ்வொரு நாளும் கணிப்பதும் ஆசிரியர் வேலையாயிற்று.

அக்காலத்தில் இத்தகைய பதவியில் வேறொரு பெண்ணைக் காண்பது கடினம். சோஃபி ஃபொன் லா ரோஷ் 1783–84இல் 'பொமோனா' இதழை நடத்தியிருந்தார். ஆனால் அது பெண்களுக்கான மாத இதழ். ஆண்கள் எழுதி ஆண்கள் படிக்கும் பொது நாளிதழைப் பெண் ஒருவர் நடத்துவது வேறு செய்தி. பெயரின்மை இங்கும் அவருக்குப் பயன்பட்டது. 'ஆசிரியர் குழு' என்ற ஒப்பத்தோடு போகும் மறுப்புக் கடிதத்தை ஒரு பேராசிரியர் பொறுத்துக்கொள்வார். ஒரு கைம்பெண் தம் கட்டுரையைத் திருப்பினார் என்பதைப் பொறுத்துக்கொள்வது எளிதன்று.

ஆனால் முழு அதிகாரம் அவரிடம் இருந்ததில்லை. இறுதிச் சொல் கோட்டாவுடையது. 1820 முதல் நூல் மதிப்புரைகளுக்கான இணைப்பு அடோல்ஃப் முல்னரிடமும், கலைக்கான இணைப்பு லுட்விக் ஷோர்னிடமும் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் பெயர் பெற்ற ஆண்கள். தம் பகுதியைத் தம் விருப்பப்படி நடத்தினர். 1823இல் கோட்டாவின் திட்டத்துக்கு இசைந்து தெரேசே ஆக்ஸ்பூர்குக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டோடு ஆசிரியப் பொறுப்பும் அவர் கையை விட்டுப் போயிற்று. பெயர் அச்சிட்டிருந்த ஓர் ஆசிரியரை நீக்கினால் வாசகர் காரணம் கேட்பர். யாரென்றே அறியாத ஒருவர் போனதை எவரும் கேட்கவில்லை. ஏழாண்டுகள் அவரைக் காத்த அதே மறைவு, முதலாளியோடு முரண்பட்ட நாளில் அவரை நிராயுதபாணியாக்கியது.

இவரைப் பெண்ணிய முன்னோடி என்று அவசரமாகப் பட்டம் சூட்ட விரும்புவோர் அவருடைய கடிதங்களைப் படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ள அவற்றை மக்தலேனே ஹோய்சர் தலைமையிலான குழு 1999 முதல் தொகுதி தொகுதியாகப் பதிப்பிக்கத் தொடங்கியது. பெண்ணுக்கு முதற்கடமை இல்லமே என்று அவற்றில் சளைக்காமல் வாதிடுகிறார் தெரேசே. தம் எழுத்தைத் தேவை கருதிய உழைப்பாகவே காட்டுகிறார். அதே கையால், திருமணமாகாத பெண்களின் வாழ்வுக்கு மதிப்புத் தேடும் 'மணமாகாதோர்' என்ற நாவலையும் எழுதி 1829இல் வெளியிட்டார். இந்த முரணை நாம் தீர்த்துவைக்கத் தேவையில்லை. பத்துப் பிள்ளைகளைப் பெற்று, இரு கணவரைப் புதைத்து, பேனாவால் குடும்பம் நடத்திய ஒருவர், பெண்கள் எழுத வேண்டாம் என்று சொல்லும்போது அது கோட்பாடா, களைப்பா, தற்காப்பா என்பதை ஒவ்வொரு கடிதத்திலும் தனித்தனியாகத்தான் ஆராய வேண்டும்.

வாழ்வின் கடைசிப் பெரும்பணியாக அவர் எடுத்துக்கொண்டது ஃபோர்ஸ்டரின் கடிதங்களை. இரண்டு தொகுதிகள், லைப்ட்சிக், 1829. அவற்றில் அவர் வெட்டினார், மென்மைப்படுத்தினார், சிலவற்றை விட்டுவிட்டார். மூலங்களோடு ஒப்பிட்ட பிற்காலப் பதிப்பாசிரியர்கள் இதைச் சுட்டிக் குறை கூறினர். குறையில் நியாயம் உண்டு. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: துரோகி என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒருவரின் கடிதங்களை, மெட்டர்னிக் காலத்துத் தணிக்கையின் நடுவில், ஒரு வாழ்க்கைக் குறிப்போடு பொதுமக்கள் முன் வைக்கத் துணிந்தவர் அந்தக் 'கைவிட்ட' மனைவிதான். அந்நூலின் தலைப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர் பெயர் 'தெ. ஹூ., பிறப்பால் ஹை.' என்ற முதலெழுத்துகளாகவே இருக்கிறது. அதே ஆண்டு சூன் 15 அன்று அவர் ஆக்ஸ்பூர்கில் இறந்தார்.

ஃபோர்ஸ்டரின் முழு எழுத்துகளும் ஒன்பது தொகுதிகளாக 1843இல் லைப்ட்சிக்கில் வெளிவந்தன. அவற்றைப் பதிப்பித்தவர் வில்னியூஸில் 1786இல் பிறந்த மூத்த மகள். முன்னால் வைக்கப்பட்ட நீண்ட மதிப்பீடு வரலாற்றாசிரியர் கெர்வினுசுடையது. அவருடைய பெயர் தலைப்புப் பக்கத்தில் முழுமையாக அச்சிடப்பட்டிருக்கிறது. பதிப்பாசிரியரைப் பற்றி அங்கே உள்ளது 'அவருடைய மகளால்' என்ற அளவே. அந்த மகளின் பெயரும் தெரேசே.