மண்ணெண்ணெய்க் கதையில் விடுபட்ட ஸ்பிரிங்

வன்னியில் வளர்ந்த ஆரைக் கேட்டாலும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின கதை ஒண்டு சொல்லுவினம். சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து சேலைன் குழாய் மாதிரி ஒரு மெல்லிய ரியூப். காபரேற்றருக்குள் நாலைந்து துளி விட்டு உதைக்க வேண்டும். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னாலே வெள்ளைப் புகையும் கண்ணெரிச்சலும். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்றபோது இந்தக் கதை திரும்பவும் எல்லா வீடுகளிலும் ஓடியது. புது வண்டிகள் பலவற்றில் காபரேற்றரே இல்லை, இனி அந்த வித்தை பலிக்காது என்ற பெருமூச்சோடு.

கதை நல்ல கதைதான். ஆனால் அது எப்பவும் எரிபொருளோடேயே முடிந்துவிடுகிறது. ஊத்தினம், ஓடினம், அவ்வளவுதான். எஞ்சினுக்குள்ளே என்ன நடந்தது? உதிரிப்பாகமே வராத ஊரில் அந்த எஞ்சின்கள் வருசக்கணக்காக எப்படி மூடித் திறந்துகொண்டிருந்தன? மூடித் திறந்து என்று நாங்கள் சும்மா சொல்லவில்லை. இந்தக் கட்டுரை வால்வைப் பற்றியது, இன்னும் சரியாகச் சொன்னால் வால்வை மூடுகிற ஸ்பிரிங்கைப் பற்றியது.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுவோம். 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருட்கள் போவது தடுக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு பெருந்தொகையான சனம் வன்னிக்குள் வந்தது. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது, 1998 செப்ரெம்பரில் புலிகளிடம் திரும்பியது. இடையில் 1997 மே 13 தொடங்கிய ஜெயசிக்குறு. ஏ9 பாதை திறந்தது 2002 ஏப்ரலில். இவ்வளவு காலமும் அங்கே ஓடினது என்ன? ஹொண்டா சி50, சி90, எம்டி90 போன்ற மோட்டார் சைக்கிள்கள். லான்ட்மாஸ்டர். தோட்டங்களில் தண்ணி இறைக்கிற மெசின். ஜெனரேற்றர். இழுத்துப் பறிச்சு ஓடின சில மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும்.

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எங்கட கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுகினம். அது சரியில்லை. அமெரிக்காவில் 1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் அப்படித்தான் ஓடியது. இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை அதற்கென்றே தயாரித்த ஒருவித மண்ணெண்ணெயில் ஓடியது, இரண்டு தாங்கி, நடுவில் மாற்றுகிற ஒரு திறப்பு. வித்தியாசம் என்னவென்றால், அந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்காகவே குறைந்த அமுக்கத்தோடு கட்டப்பட்டவை. ஹொண்டா அப்படிக் கட்டப்பட்டதல்ல. பெற்றோலுக்காகப் பிறந்த, நல்லாய்ச் சுத்துகிற எஞ்சினுக்கு மண்ணெண்ணெயைக் கொடுத்தால் அது தட்டும், சரியாக எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், வால்வின் தண்டில் கரியும் பிசினும் படியும். பிசின் படிந்த தண்டு மூடவேண்டிய நேரத்தில் தயங்கும். அந்தத் தயக்கத்தை வெல்லவேண்டியது ஸ்பிரிங்.

இதை விளங்க ஒரு சின்னக் கணக்கு. நாலு அடிப்பு எஞ்சினில் கேம் ஷாப்ட் எஞ்சினின் பாதி வேகத்தில் சுத்தும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3000 தரம், செக்கனுக்கு 50 தரம் திறந்து மூடும். பத்து மணித்தியாலம் ஓடினால் 18 இலட்சம் தரம். கேம் வால்வைத் தள்ளித் திறக்க மட்டும்தான் செய்யும். திருப்பிக் கொண்டுவந்து மூடுவது முழுக்க ஸ்பிரிங்கின் வேலை. வேகம் கூடக்கூட ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாத ஒரு கட்டம் வரும், வால்வு கேமை விட்டு விலகி அந்தரத்தில் மிதக்கும். அப்போது எஞ்சினின் பலம் படுத்துவிடும். கெட்டகாலம் என்றால் மேலே வருகிற பிஸ்டன் திறந்திருக்கிற வால்வில் மோதும்.

ஆரம்ப கால மோட்டார் வாகனங்களுக்கு இந்தத் தலையிடி பெரிதாய் இருக்கவில்லை. பல எஞ்சின்களில் உள்ளெடுக்கும் வால்வைப் பிஸ்டனின் உறிஞ்சலே திறந்தது, அதற்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங் போதும். வேகம் தேவைப்பட்டபோது இரண்டு வால்வையும் கேம் தள்ளத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஓட்டப்பந்தய எஞ்சின்களின் வரலாற்றில் பாதி, ஸ்பிரிங் உடைந்த வரலாறுதான். ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க மனுசர் பட்ட பாடு சுவாரசியமானது. ஸ்பிரிங்கைக் குறிப்பிட்ட வேகத்தில் அடித்தால் அதன் சுருள்களுக்குள்ளேயே ஒரு அலை ஓடத் தொடங்கும். உயர்தர பௌதிகவியலில் பரிவு என்று படிக்கிற அதே சாமான். வெளியே பார்த்தால் ஸ்பிரிங் ஒழுங்காய் அமுங்கி விரிகிற மாதிரி இருக்கும், உள்ளே நடுச் சுருள்கள் தங்கட பாட்டுக்கு ஆடும். இதற்கு மருந்தாகத்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வந்தது. இரண்டின் இயல்பு மீடிறனும் வேறு வேறு, ஆகவே ஒன்று ஆடுகிற வேகத்தில் மற்றது ஆடாது. ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சுத்தப்பட்டிருக்கும், சுருளுக்குள் சுருள் சிக்காமல் இருக்க. ஹொண்டாவின் சின்ன எஞ்சின்களில்கூட இந்த இரட்டை ஸ்பிரிங் இருக்கிறது.

1929இல் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் வால் ஒரு கணக்கைத் திருத்தினார். சுருளின் உட்பக்கத்தில் தகைப்பு வெளிப்பக்கத்தைவிட அதிகம் என்பதைச் சேர்த்துக் கணிக்கிற காரணி அது, இண்டைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் ஜோன் அல்மென் என்பவர், சின்னச் சின்ன உருக்குக் குண்டுகளால் ஸ்பிரிங்கின் மேற்பரப்பை அடித்தால் அது பல மடங்கு நாள் உழைப்பதை ஆராய்ந்தார். அடி வாங்கின தோல் இறுகி, வெடிப்பு தொடங்க விடாது. எவ்வளவு அடித்தது என்று அளக்க ஒரு மெல்லிய உருக்குத் துண்டை வைத்து, அது எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார்கள். அந்தத் துண்டுக்கும் அவர் பெயர்தான்.

சுருள் ஸ்பிரிங்கை நம்பாதவர்களும் இருந்தார்கள். மாங்ஸ் நோர்ட்டன் போன்ற பந்தய மோட்டார் சைக்கிள்கள் கொண்டையூசி வடிவ ஸ்பிரிங்கைப் போட்டன. மெர்சிடிஸ் 1954இல் டபிள்யூ196 காரில் ஸ்பிரிங்கையே கழற்றிவிட்டு, மூடுவதற்கும் தனியாக ஒரு கேம் வைத்தது. 1956இல் இத்தாலியின் டுகாட்டியில் டக்லியோனி அதையே 125 சிசி மோட்டார் சைக்கிளில் செய்தார். 1986இல் ரெனோல்ட், ஃபோர்முலா 1 எஞ்சினில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அமுக்கிய வாயுவைப் பாவித்தது. ஆனால் எங்களுக்குப் பிடித்தது ஹொண்டா போன வழி. 1966இல் மைக் ஹெயில்வூட் ஓட்டி உலகப் பட்டம் வென்ற ஆர்சி166இல் 250 சிசிக்குள் ஆறு சிலிண்டர், 24 வால்வு. நிமிடத்துக்கு 18000 சுற்று, அதாவது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 150 தரம். மூடினது சாதாரண சுருள் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கைப் பலமாக்காமல் வால்வைச் சின்னதாக்கிப் பாரத்தைக் குறைத்தார்கள். அந்தக் கொம்பனியின் தபால்காரர் வண்டிதான் கடைசியில் புதுக்குடியிருப்பு ஒழுங்கையில் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு நின்றது.

ஸ்பிரிங் தெரிவு செய்வதென்றால் பலமானதாய்ப் பார்த்துப் போடுவது என்று பலர் நினைப்பார்கள். பலம் கூடினால் கேமும் ரொக்கரும் தேயும், வால்வு இருக்கை அடிபட்டுக் குழியும். மண்ணெண்ணெய் கலந்து ஒயில் தண்ணியாகிப்போன எஞ்சினில் இந்தத் தேய்மானம் இன்னும் கெதியாய் நடக்கும். தேவையானது, அந்த எஞ்சின் போகிற ஆகக்கூடிய வேகத்தில் வால்வைக் கேமோடு ஒட்டி வைத்திருக்கிற அளவு பலம், அதற்குமேல் கொஞ்சம். கம்பியின் தடிப்பும் விளையாட்டில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கோடு மாறும். 4 மில்லிமீற்றர்க் கம்பி துருப்பிடித்து 3.9 ஆனால் விறைப்பில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதோடு துருப்பிடித்த குழியில்தான் வெடிப்பும் தொடங்கும். மாரியில் பங்கருக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழும் கிடந்த எஞ்சின்களை நினைத்துப் பாருங்கோ.

இனிச் சோதனை. இண்டைக்குப் பந்தய எஞ்சின் கட்டுகிற இடங்களில் மின்மோட்டரால் எஞ்சினின் மேல்பகுதியைச் சுத்தவிட்டு, வால்வின் அசைவை லேசர்க் கதிரால் அளக்கிறார்கள். அதற்கு முந்தி எல்லாரும் செய்த, இப்பவும் செய்கிற அடிப்படைச் சோதனை நாலுதான். சும்மா நிற்கிறபோது உயரம் எவ்வளவு? நேராய் நிற்கிறதா? எஞ்சினில் பூட்டின உயரத்துக்கு அமுக்கினால் எவ்வளவு விசை? முழுக்கத் திறக்கிறபோது சுருளோடு சுருள் முட்டாமல் இடைவெளி இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் ஒரு கண்ணாடித் துண்டும் மூலைமட்டமும் அடிமட்டமும் போதும்.

மூன்றாவதுக்குத்தான் மெசின் வேணும். மெசின் இல்லாத கராஜ்களில் உலகம் முழுக்கப் பாவித்த வழி ஒன்று இருக்கிறது, பழைய மெக்கானிக்மாரிட்டக் கேட்டால் செய்து காட்டுவினம். பழைய ஸ்பிரிங்கையும் நல்லது என்று தெரிந்த ஸ்பிரிங்கையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, நடுவில் ஒரு தட்டையான வாசர் போட்டு, வைஸில் சேர்த்து இறுக்குவது. இரண்டுக்குள்ளும் போகிற விசை ஒன்றுதான். ஆகவே எது கூடுதலாய்க் குறுகுகிறதோ அது சோர்ந்தது. ஒரு நியூற்றனும் அளக்கத் தேவையில்லை. தொடரில் இணைத்த விற்கள் என்று புத்தகத்தில் வருகிற கணக்கு இதுதான், விடை மட்டும் எழுதத் தேவையில்லை.

ஆனால் இந்தச் சோதனைக்கு நல்ல ஸ்பிரிங் ஒன்று முதலில் கையில் இருக்க வேண்டும். தடைக்காலத்தின் உண்மையான சிக்கல் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பொருள் இல்லாதது ஒரு பக்கம். எது சரி என்று சொல்லுகிற அளவுகோலும் இல்லாமல் போனது மற்றப் பக்கம். எல்லா ஸ்பிரிங்கும் பழசு என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? சோர்ந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வாசர் போட்டு உயரம் கொடுப்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். விசை கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் போட்ட வாசரின் தடிப்பு, நாலாவது சோதனையின் இடைவெளியைத் தின்னும். கூடப் போட்டால் வால்வு முழுக்கத் திறக்கிறபோது சுருள்கள் முட்டி, ஸ்பிரிங் இரும்புக்கட்டியாகி, ஏதோ ஒன்று உடையும். எவ்வளவு போடலாம் என்பது கைப்பழக்கத்தில் வருகிறது.

வெடிப்புப் பார்க்கவும் ஒரு பழைய வழி இருக்கிறது, ரயில்வே பட்டறைகளில் இருந்து வந்தது. பாகத்தை மண்ணெண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, சோக்குத் தூளோ சுண்ணாம்போ பூசினால், வெடிப்புக்குள் ஒளிந்த எண்ணெய் வெளியே கசிந்து கோடாய்த் தெரியும். மண்ணெண்ணெய்க்கு இப்படியும் ஒரு வேலை.

இதெல்லாம் தவறினால் என்ன? பந்தயத்தில் என்றால் ஒரு பட்டம் போகும். லான்ட்மாஸ்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 அளவில் சுத்துகிற டீசல், வால்வு செக்கனுக்கு 20 தரம்தான், ஸ்பிரிங்குக்குப் பெரிய சோதனையில்லை என்று சொல்லலாம். ஆனால் அதன் பெட்டியில்தான் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் நோயாளி போனது. விசுவமடுவில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்கிற மெசின் நடுச் சித்திரையில் நின்றால், பயிர் ஸ்பிரிங் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காது. செயற்றிறன் கூடிய எஞ்சின் என்றால் கூட வேகமாய்ச் சுத்துவது என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. வன்னியில் அதற்கு வேறு கருத்து இருந்தது: நாளைக்கும் ஸ்டார்ட் ஆகிறது.

2002க்குப் பிறகு இந்தியாவில் செய்த புது மோட்டார் சைக்கிள்கள் ஏ9 வழியாய் வந்தன, பெட்டியோடு ஸ்பிரிங்கும் வந்தது. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியதும் திரும்பப் பழைய கதை. 2009இல் முள்ளிவாய்க்காலில் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் உழவு இயந்திரமும் குவியல் குவியலாய்க் கிடந்த படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அதில் சனத்தைத் தேடினோம், அது சரிதான். பிறகு பழைய இரும்பு வியாபாரம் வந்து, லொறிகளில் ஏத்திக்கொண்டு போனது. எந்தெந்த எஞ்சினுக்குள் எந்தெந்த வண்டியின் ஸ்பிரிங் இருந்தது, எத்தனை வாசர் போட்டிருந்தது என்பதெல்லாம் அதோடு உருகிப்போனது. யுத்தத்தைப் பற்றி அலுமாரி அலுமாரியாய் எழுதியிருக்கிறோம், அந்தக் கராஜ்களைப் பற்றி ஒரு நாட்குறிப்பு அளவுகூட எழுதவில்லை. அந்தக் கைகள் இப்போது அறுபது, எழுபது வயசில்.

இண்டைக்குக் கிளிநொச்சியில் ஸ்பிரிங் செட் பிளாஸ்ரிக் பையில் தொங்குகிறது. பையின்மேல் பெரிய கொம்பனிப் பெயர் அடித்திருக்கும், உள்ளே இருப்பது அந்தக் கொம்பனியுடையதுதானா என்பது வேறு கதை, போலி உதிரிப்பாகம் எங்கும் இருக்கிறது. ஆகவே வைஸுக்கு இன்னும் வேலை இருக்கிறது, பக்கம் மட்டும் மாறிவிட்டது. கழற்றின பழைய ஒரிஜினல் ஸ்பிரிங்கை ஒரு பக்கம் வைத்து, புதுசு நல்லதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.