முகமூடியின் உட்புறம்

சிம்பாங் என்பது சந்தி. பூலாய் என்பது ஒரு மரம். தமிழில் ஏழிலைப்பாலை எனப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. (பண்டு மாணவர்க்கு எழுதுபலகை அவ்வேழிலைப்பாலையில் செய்யப்பட்டமையால், அதன் அறிவியற்பெயரில் ‘ஸ்கொலாரிஸ்’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டது.) சிலாங்கூரின் கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடியினர் தம் முகமூடிகளைச் செதுக்குவது இப்பூலாய் மரத்திலேதான். சிலைகளுக்கு அவர்கள் கொள்வது சதுப்புநிலத்து நீரே பாத்து என்னும் கனத்த மரம். முகத்தில் கட்டி ஆடுவதற்கு அது உதவாது. ஆகவே முகமூடியின் பிறப்பிடம் ஆராய்வோர் முதலில் அதனைக் கையில் தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

பின்னர்த் திருப்பிப் பார்த்தல் வேண்டும். விற்போர் நமக்குக் காட்டுவது முன்புறத்தை. ஆடியவன் தடம் விட்டுச் செல்வது உட்புறத்தில். ஆடப்பட்ட முகமூடியில் நெற்றியும் மூக்கும் கன்னமும் படும் இடங்களில் வியர்வைக் கறையும் வழவழப்பும் ஏறியிருக்கும். ஏனைய இடங்கள் மரநிறம் மாறாதிருக்கும். கயிற்றுத் துளைகள் கயிறு இழுபட்ட பக்கமாகவே தேய்ந்திருக்கும். பொய்யாகப் பழமையேற்றியதிலோ புகையும் மண்ணும் எங்கும் ஒரே சீராக அப்பியிருக்கும். அதனை அணிந்து நோக்கினால் கண்துளை வழியே தரைகூடத் தெரியாமற் போவதும் உண்டு.

இச்சோதனை தவறியதன் விளைவை மெக்சிகோவில் காண்கிறோம். அந்நாட்டு முகமூடிகளைப் பற்றி டானல்ட் கார்ட்ரி எழுதிய பெருநூல் 1980-இல் வெளிவந்தது. அதில் ஆடற்பொருள்களாகக் காட்டப்பட்டவற்றுட் பல, குறிப்பாகக் குரேரோ மாநிலத்தன, சேகரிப்போர்க்கு விற்கவே செய்யப்பட்டவை எனப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். வணிகர் சொன்ன கதை அச்சேறியது. ஆடப்படாத ஆடல்களுக்கும் வரலாறு பிறந்துவிட்டது. அதனைக் களைதல் எளிதன்று.

இதனால் புதியன யாவும் போலி என்று நாம் கொள்ளலாகாது. மா மெரியினர் தம் முன்னோரை வழிபடும் ஹரி மோயாங் நாளில் முகமூடியணிந்து ஆடுகின்றனர்; சுற்றுலாப் பயணியர்க்கு விற்கவும் செதுக்குகின்றனர். விற்பனைக்குச் செய்ததை அவ்வாறே சொல்லி விற்பதில் பொய் ஏது? அதற்கு நூறாண்டு வயது கற்பித்து ஒட்டும் சீட்டே பொய்.

நம் நிலையும் ஈண்டு எண்ணத்தக்கது. 1950, 1960-களில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். தோட்டத்துக் கோயில்களின் மரப்பொருள்கள் பலவற்றுக்கு இன்று குறிப்பேதும் இல்லை. எந்தத் தோட்டம், எம்மரம், செதுக்கியவர் யார், எவ்விழாவில் எடுத்தார்கள் என்னும் நான்கினையும் மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, அப்பொருளின் பின்புறப் படத்தோடு சேர்த்தெழுதி வைத்தல் இன்றும் இயலும்.